ஏழு வயது மகனுக்கு ரிஸ்பெரிடோன் எழுதித் தந்திருக்கிறார்கள், ஒன்பது நாளாகக் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்

செந்தூல்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் போய்விடுவேன், இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. மகனுக்கு ஏழு வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இந்த வருடம் முதலாம் ஆண்டு, பிபிகேஐ என்ற சிறப்புக் கல்வி வகுப்பில் சேர்த்திருக்கிறோம். பேச்சு என்று பார்த்தால் பத்துப் பன்னிரண்டு சொல், அதிலும் "மைலோ", "கதவு" இரண்டுதான் தெளிவாக வரும். எடை 22 கிலோ.

ஐந்தாறு மாதமாகத் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான். வலது முன்கையில் ஒரே இடத்தைக் கடித்துக் கடித்துத் தோல் காய்ப்பு ஏறிவிட்டது, பழைய செருப்பு உரசிய குதிகால் மாதிரி. தலையைச் சுவரில் மோதுவான். போன மாதம் குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது மோதியதில் புருவத்துக்கு மேலே பிளந்து இரண்டு தையல். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்தால் ஐந்து வரை தூக்கம் கிடையாது, பதினோராவது மாடியில் அவன் குதிக்கிற குதிக்குப் பத்தாவது மாடிக்காரர் துடைப்பக் கட்டையால் மேலே இடிக்கிறார். அவர் மேலும் தப்பில்லை, அவருக்கும் காலை ஷிப்ட். பள்ளியிலிருந்து பத்து மணிக்குப் போன் வந்தால் நான் ஓட வேண்டும், அப்படி ஓடி ஓடியே என் வேலையும் போய்விட்டது.

நாலு மாதம் காத்திருந்து ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்த்தோம். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். உள்ளே இருந்தது பத்து நிமிடம்கூட இல்லை. இவன் மேசைக்கடியில் புகுந்து கம்ப்யூட்டர் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தான், டாக்டர் தட்டச்சு செய்தபடியே ரிஸ்பெரிடோன் அரை மில்லிகிராம், ராத்திரியில் ஒன்று, ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று முடித்துவிட்டார். எதற்காக, எத்தனை நாளைக்கு, எதைக் கவனிக்க வேண்டும், ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, ஒயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தால் எடுத்தவுடனே மனச்சிதைவு நோய்க்கான மருந்து என்று இருக்கிறது.

மாமியார் அதைக் கேட்டதிலிருந்து "பச்சப் புள்ளைக்குப் பைத்திய மருந்தா, பத்துமலைக்கு வேண்டிக்கிட்டு முடி எறக்கு" என்கிறார். முடி இறக்க அவனை யார் உட்கார வைப்பது என்பதை அத்தை யோசிக்கவில்லை. வீட்டுக்காரர் "நீ பார்த்துச் செய்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறார். பார்த்துச் செய்யத் தெரிந்தால் நான் ஏன் இங்கே எழுதுகிறேன்? மாத்திரை அட்டை ஒன்பது நாளாக ஃபிரிட்ஜ் மேலே விபூதி டப்பாவுக்குப் பின்னால் கிடக்கிறது.

கொடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பையன் மாறிப்போவானா? ஆரம்பித்தால் ஆயுசுக்கும் நிறுத்த முடியாதா? கொடுக்காமல் இருப்பது தப்பா?

ஜெலுத்தோங்_அப்பா

தங்கச்சி, என் பையனுக்கு இப்போது பதின்மூன்று. எட்டு வயதில் இதே மருந்து, இரண்டரை வருடம் கொடுத்தோம், பிறகு டாக்டர் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். அதனால் ஆயுசுக்கும் என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள்.

நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அவனும் கையைக் கடிப்பான், கூடவே அவன் அம்மாவின் முடியைப் பிடித்தால் விடமாட்டான், அவள் ஒரு வருடம் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டுதான் இருந்தாள். மருந்து ஆரம்பித்து மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் டிரில் போட்டார்கள், இவன் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவ்வளவுதான். மற்றவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை, நானும் என் மனைவியும் ஹாலில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அதற்கு முன்னால் டிரில் சத்தம் என்றால் வீட்டில் ரத்தம் பார்க்காமல் முடியாது.

கெட்டதும் கேளுங்கள். பசி. அது சாதாரணப் பசி இல்லை. சாப்பிட்டு எழுந்த பத்தாவது நிமிடம் சோற்றுப்பானைக்குள் கை. நாலு மாதத்தில் 26 கிலோவிலிருந்து 33. அலமாரிக்குப் பூட்டு, ஃபிரிட்ஜுக்குப் பூட்டு, தீபாவளிக்குச் சுட்ட முறுக்கை என் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். எடை ஏறும் என்று யாராவது முதல் வாரமே சொல்லியிருந்தால் கொஞ்சமாவது தடுத்திருப்போம், சொல்லும்போது அவனுக்கு இரண்டு சைஸ் பெரிய உடுப்பு வாங்கியாகிவிட்டது.

பேச்சு வரும், கண்ணைப் பார்ப்பான், பிள்ளைகளோடு விளையாடுவான் என்று எதிர்பார்த்துக் கொடுக்காதீர்கள். அதற்கெல்லாம் இந்த மருந்து இல்லை. என் பையன் மருந்துக்கு முன்னாலும் ஆட்டிசப் பிள்ளை, பின்னாலும் ஆட்டிசப் பிள்ளை, கடிக்காத ஆட்டிசப் பிள்ளையாக ஆனான். அது போதும் என்று இருந்தது, ஏனென்றால் கடிப்பது நின்ற பிறகுதான் ஓ.டி. (தொழில்வழிச் சிகிச்சை) பயிற்சியிலேயே உட்கார ஆரம்பித்தான்.

இன்னொன்று, மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் எண்ணுங்கள். மளிகைக் கடையில் தருகிற சாமிப்படக் காலண்டர் இருக்கும் இல்லையா, அதில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் கடித்தால் ஒரு கோடு, தலையை மோதினால் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்துப் பாட்டி ஒன்று சொல்வார், டீச்சர் ஒன்று சொல்வார், யாருக்கும் தெரியாது.

மாத்திரை_எண்ணுபவள்

நான் பார்மசிஸ்ட், முன்பு அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் இருந்தேன், இப்போது பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு கடையில். உங்கள் மகனைப் பார்க்காமல் கொடு, கொடுக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

தாளில் மனச்சிதைவு என்று இருப்பது உண்மை, இந்த மருந்து முதலில் வந்தது அதற்குத்தான். அதே மருந்தை 5 முதல் 16 வயது வரையுள்ள ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சல், தாக்குதல், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது இவற்றுக்காக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2006-இல் அனுமதித்தது. 2009-இல் அரிபிப்ரசோல் என்ற இன்னொரு மருந்தை 6 முதல் 17 வயதுக்கு. ஆட்டிசப் பிள்ளைகளுக்கென்று அங்கே அனுமதி வாங்கியவை இந்த இரண்டுதான், அதுவும் எரிச்சலுக்கு. ஆட்டிசத்துக்கு இல்லை. இதை ஜெலுத்தோங் அண்ணன் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார்.

எவ்வளவு பலன் என்று கேட்டால், 2002-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. 101 பிள்ளைகள், எட்டு வாரம். ரிஸ்பெரிடோன் எடுத்தவர்களில் 69 விழுக்காட்டினருக்கு நல்ல முன்னேற்றம், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 12 விழுக்காடு. குழந்தை மனநல மருந்துகளில் இவ்வளவு வித்தியாசம் அடிக்கடி பார்க்கக் கிடைக்காது. அதே எட்டு வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ எடை ஏறியது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 0.8. நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் அதே குழுவினர் பார்த்தார்கள். ஆறு மாதம் எடுத்து நன்றாக இருந்த பிள்ளைகளில் 16 பேருக்கு மெல்ல மெல்ல மருந்தை வெற்று மாத்திரையாக மாற்றியபோது 10 பேருக்குப் பழைய பிரச்சினை திரும்பியது, மருந்தில் தொடர்ந்த 16 பேரில் 2 பேருக்கு. ஆகவே நிறுத்த முடியும், எல்லாருக்கும் சீக்கிரம் முடியாது.

அரை மில்லிகிராம் என்பது 20 கிலோவுக்கு மேலுள்ள பிள்ளைக்கு வழக்கமாக ஆரம்பிக்கிற அளவுதான், டாக்டர் அவசரப்பட்டார் என்றாலும் அளவைத் தப்பாக எழுதவில்லை. முதல் சில நாள் தூக்கக் கலக்கமாக இருப்பான், எச்சில் வடியலாம். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது, கண் மேலே செருகுவது, உடம்பு விறைப்பது, ஒரு நிமிடம்கூட உட்கார முடியாமல் தவிப்பது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காதீர்கள். விறைப்போடு கடுங்காய்ச்சல் வந்தால் நேரே அவசரப் பிரிவு. புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுவதால் பையன்களுக்கும் மார்பு வீங்கலாம், குளிப்பாட்டும்போது கவனியுங்கள், கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுகிற அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

ஆரம்பிக்கும் முன் எடை, இடுப்புச் சுற்றளவு, முடிந்தால் வெறும் வயிற்றில் சர்க்கரையும் கொழுப்பும். எடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகள் வெளியிடுகிற நைஸ் அமைப்பின் வழிகாட்டி இதைப் பற்றித் தெளிவாக இருக்கிறது: மற்ற வழிகள் போதாதபோதுதான் இந்த மருந்து, மூன்று நாலு வாரத்தில் பலனும் பக்கவிளைவும் பார்க்க வேண்டும், ஆறு வாரத்தில் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்றால் நிறுத்த வேண்டும். உங்கள் டாக்டர் ஆறு வாரம் என்று சொன்னது அந்தக் கணக்காக இருக்கலாம், ஆனால் நடுவில் ஒரு தடவை யாராவது பார்க்க வேண்டும்.

மாத்திரை விழுங்க மாட்டான் என்று பிறகு சொட்டு மருந்து மாதிரித் திரவமாகக் கொடுத்தால், அதைத் தேநீர், கோலா இரண்டிலும் கலக்கக் கூடாது. தண்ணீரில் கொடுங்கள். இதை யாரும் சொல்வதே இல்லை, நம் வீடுகளில் எதையும் தேநீரில்தானே கலக்கிறோம்.

இயற்கை_வழி

இவ்வளவு பக்கவிளைவைப் பட்டியல் போட்டுவிட்டுக் கொடுக்கச் சொல்கிறீர்களே. பாலையும் கோதுமையையும் நிறுத்தினாலே பாதி குணமாகும், உடம்பில் உள்ள கன உலோகத்தை வெளியேற்றக் கீலேஷன் இருக்கிறது. விவரம் வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

மாத்திரை_எண்ணுபவள்

தனிச்செய்தி வேண்டாம், இங்கேயே பேசலாம். 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயது ஆட்டிசப் பையன் ஒருவன் கீலேஷன் ஊசி போடும்போது இறந்துபோனான். ரத்தத்தில் கால்சியம் இறங்கி இதயம் நின்றது. ஆட்டிசத்துக்குக் கீலேஷன் செய்யாதே என்று நைஸ் வழிகாட்டி நேராகவே சொல்கிறது. பாலை நிறுத்துவதில் உயிர்ப் பயம் இல்லை, ஆனால் மூன்றே மூன்று சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளையிடம் இரண்டைப் பிடுங்கினால் மீதி என்ன இருக்கும்? ரொட்டி சானாயும் மைலோவும்தான் அவன் உலகம் என்றால் அதில் கை வைக்கும் முன் ஒரு டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும்.

கெப்போங்_வாசி

அக்கா, நான் மருந்தை எதிர்க்கிறவள் இல்லை, ஆனால் ஒன்று கேட்கணும். ஐந்தாறு மாதமாக என்கிறீர்கள். அதற்கு முன்னால் கடிக்கவில்லையா? அப்படியென்றால் அப்போது என்ன மாறியது?

என் மகளும் ஆறு வயதில் திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். இடது கை, இடது கன்னம், சாப்பிட்டு முடித்ததும். நடத்தைப் பிரச்சினை என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் நம்பி ஸ்டிக்கர் சார்ட் எல்லாம் போட்டோம், வெட்கமாக இருக்கிறது நினைத்தால். கடைசியில் பல் டாக்டரிடம் மயக்கம் கொடுத்துப் பார்த்தால் கடைவாய்ப் பல்லுக்கடியில் சீழ். பல்லைப் பிடுங்கிய நாலாவது நாள் அறைவது நின்றது. பேசத் தெரிந்த பிள்ளை "பல் வலிக்குது" என்று சொல்லும், இவள் அடித்துக் காட்டினாள். பல், காது, மலச்சிக்கல், இந்த மூன்றையும் பார்த்துவிட்டீர்களா? எத்தனை நாளுக்கொருமுறை போகிறான் என்று பாருங்கள், தண்ணியாகப் போனாலும் உள்ளே கட்டியாக அடைத்திருக்கலாம்.

தூக்கம் வர உதவுகிற மெலடோனின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நாங்கள் கேட்டு வாங்கியதில் இவள் படுத்த அரை மணியில் தூங்குகிறாள், முன்பு பன்னிரண்டு ஆகும். ராத்திரி மூன்று மணி நேரம் தூங்காத பிள்ளை பகலில் கடிக்காமல் என்ன செய்யும், நானே கடிப்பேன். அப்புறம் அந்தக் குக்கரைத் தூக்கி உள்ளே வையுங்கள் அக்கா. ஜாலான் ஈப்போ பக்கம் ஹார்ட்வேர் கடைகளில் வேலைக்காரர்கள் மாட்டுகிற காது மூடி கிடைக்கும், எங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது, ஒன்று காரில்.

ஓகேயு கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அட்டை, எடுத்துவிட்டீர்களா? சமூக நலத்துறையில் (ஜேகேஎம்) பதிந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் இல்லை.

மஞ்சள்_ரயில்

எனக்கு 24 வயது. ஆட்டிசம் எனக்கு. ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வரை இந்த மருந்து எடுத்தேன், அதனால் உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்று சொல்ல முடியும்.

முதலில் கொடுத்த அளவில் நன்றாக இருந்தது. சத்தம் குறையவில்லை, சத்தத்துக்கும் நான் கையைத் தூக்குவதற்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் வெளியே போகலாம் என்று யோசிக்க முடிந்தது. அப்புறம் பள்ளியில் இன்னும் அமைதி வேண்டும் என்றார்கள், அளவை ஏற்றினார்கள், அதன் பிறகு ஒரு வருடம் எனக்குச் சரியாக ஞாபகமே இல்லை. மதியம் மேசையில் தலை வைத்துத் தூங்குவேன், நோட்டில் எச்சில் ஒழுகி மை கரைந்திருக்கும். டீச்சர் அம்மாவிடம் "இப்ப ரொம்ப நல்லா இருக்கான்" என்றார். நான் நல்லா இல்லை, தூங்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா, அவனுக்குக் காயம் படுகிறது, தையல் போடுகிறீர்கள், அதற்காகக் கொடுப்பது வேறு. கையை ஆட்டுகிறான், குதிக்கிறான், சத்தம் போடுகிறான் என்று கொடுப்பது வேறு. அந்த அண்ணன் சொன்ன காலண்டரில் கடிப்பதையும் மோதுவதையும் மட்டும் எண்ணுங்கள். குதிப்பதை எண்ணாதீர்கள். கூடவே இன்னொரு குறி வேண்டும், அவனுக்குப் பிடித்ததை அவன் இன்றைக்குச் செய்தானா என்று. நான் எல்ஆர்டி ரயில் நிலையங்களை வரிசையாக எழுதுவேன், அளவு ஏற்றிய வருடத்தில் ஒரு தடவைகூட எழுதவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

அவனிடமும் சொல்லுங்கள். புரியாது என்று நினைக்காதீர்கள். மாத்திரை படம், படுக்கை படம், அவ்வளவு போதும். எனக்கு வாழைப்பழத்துக்குள் ஒளித்துக் கொடுத்தார்கள், கண்டுபிடித்த பிறகு இன்றுவரை நான் வாழைப்பழம் தொடுவதில்லை.

செந்தூல்_அம்மா

உடனே பதில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும். பதினாறு நாள் ஆகிவிட்டது. தம்பி எழுதியதை வீட்டுக்காரருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன், பாதியில் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார், திரும்பி வந்து காலண்டரை அவரே ஆணி அடித்து மாட்டினார்.

கெப்போங் தங்கச்சி, நீங்கள் கேட்டது உறைத்தது. ஆறு மாதத்துக்கு முன்னால்தான் கீழே நெடுஞ்சாலை வேலைக்குப் பைலிங், தூண் அடிக்கிற வேலை, ஆரம்பித்தது. எங்களுக்குப் பழகிவிட்டது, அவனுக்குப் பழகவில்லை போல. கிளினிக்கில் காதும் பல்லும் பார்த்தார்கள், சுத்தம். வயிற்றைத் தடவிப் பார்த்த டாக்டர் அடைத்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார், மூன்று நாள் கழித்து வந்தது பாருங்கள், அதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு கடிப்பது குறைந்தது, நிற்கவில்லை. முதல் வாரம் ஒரு நாளைக்கு 20, 25 கோடு. வயிறு சரியான பிறகு 14, 15. புள்ளி மட்டும் குறையவே இல்லை, தினமும் நாலு ஐந்து, தையல் பிரித்த இடத்திலேயே மறுபடி புடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் போட்டு ஒரு நர்ஸ் கிடைத்தார், நல்ல மனுஷி. எடையும் இடுப்பும் எடுத்து, ரத்தமும் எடுத்தார்கள், நாலு பேர் பிடித்து எடுத்தார்கள், அதை விடுங்கள். எதற்கு என்று இந்த முறை டாக்டரைக் கேட்டேன். தலையை மோதுவது பாதியாகக் குறைய வேண்டும், அதற்குத்தான் என்று தெளிவாகச் சொன்னார், மூன்றாவது வாரம் வரச் சொல்லித் தேதியும் போட்டார். இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார் என்று பயந்தேன், கேட்கவில்லை. காலண்டரைத்தான் வாங்கிப் பார்த்தார், படம் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஆரம்பித்தோம். படத்தைக் காட்டினேன், மாத்திரையைக் கையில் வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தான், என் வாயில் வைக்க வந்தான். நான் வாயைத் திறந்து காட்டிச் சிரித்ததும் அவன் வாயில் போட்டுக்கொண்டான். இன்றைக்கு நாலாவது நாள். காலையில் எழுப்பச் சிரமமாக இருக்கிறது. நேற்று 11 கோடு, 3 புள்ளி. நாலு நாளில் ஒன்றும் சொல்ல முடியாது என்று தெரியும், எழுதி மட்டும் வைக்கிறேன். மூடிகளை வட்டமாக அடுக்குவதுதான் அவனுக்குப் பிடித்தது, அதற்கு வீட்டுக்காரர் காலண்டரில் ஒரு நட்சத்திரம் போடுகிறார், நாலு நாளும் நட்சத்திரம் இருக்கிறது. அத்தை இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை, ஆனால் குக்கரை எடுத்து அலமாரிக்குள் வைத்தது அவர்தான்.

ஜெலுத்தோங்_அப்பா

நல்லது தங்கச்சி. எடையை வாரம் ஒரு தடவை, ஒரே கிழமை, ஒரே நேரத்தில் பாருங்கள். பசி இரண்டாவது வாரத்தில் எங்களுக்கு ஆரம்பித்தது. வெள்ளரிக்காயும் செங்குவாங் கிழங்கும் நறுக்கிக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், மைலோவில் ஊற்றுகிற டின் பாலை இப்போதே குறைத்துவிடுங்கள், பசி வந்த பிறகு குறைத்தால் சண்டை. முறுக்கு டின்னை அத்தையின் அறைக்கு மாற்றிவிடுங்கள், காவலுக்கும் ஆள் ஆச்சு.